ஜங்க் கூடை

நாகவோகாவில் வியாழன் என்றால்
மண்ணெண்ணெய் வண்டிக்கு அரைநாள் ஓய்வு.
ஹொன்மா இரண்டு முறை சோப்பு போட்டுக் கை கழுவுகிறார்.
வாசனை போவதில்லை, என்றாலும்
லென்ஸைத் தொடப்போகும் கை அல்லவா.

எட்டாம் எண் நெடுஞ்சாலையோரம்
பழைய பொருள் கடை.
சோறு வடிக்கும் குக்கர்கள், ஒற்றைப் பனிச்சறுக்குக் காலணி,
யாரோ பாதிப் பாட்டில் கைவிட்ட கித்தார்,
எல்லாம் தாண்டிக் கடைசி அலமாரிக்குக் கீழே
நீலக் கூடை.
"ஜங்க். எது எடுத்தாலும் ஐந்நூற்றைம்பது யென்.
விற்றதைத் திரும்ப வாங்க மாட்டோம்."
அந்தக் கடைசி வரியில்தான் அவருக்கு ருசி.

குனிந்தால் முழங்கால் முனகும்.
தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.
சாவிக்கொத்தில் தொங்கும் பென்லைட்டை
ஒவ்வொன்றின் பின்வாயிலும் வைத்துப் பார்க்கிறார்,
தொண்டை பார்க்கும் டாக்டர் மாதிரி.
இதற்குப் பூஞ்சை: கண்ணாடிக்குள் கிளைவிட்ட மொட்டை மரம்.
இதற்குப் புகைமூட்டம்.
இதன் இதழ்களில் எண்ணெய் கசிந்து
திறந்த துளை திறந்தபடியே, கொட்டாவி.
இதற்கு ஒன்றுமே இல்லை,
அதனால்தான் சந்தேகம்.
ஆட்டினால் உள்ளே எதுவோ உருள்கிறது.

கூடைக்குள் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு கை.
பல் ஆஸ்பத்திரிச் சீருடைமேல் குளிர்கோட்டு,
நெஞ்சுப் பட்டையில் நுனோகாவா என்று பெயர்.
மூன்று குளிர்காலமாக ஒரே கூடை,
ஒரு வணக்கத்துக்கு மேல் பேச்சு வளரவில்லை.
எழுதாத சட்டம் ஒன்று உண்டு:
அடுத்தவர் கையில் இருப்பதைப் பார்க்கக் கூடாது.
இருவரும் பார்ப்பார்கள்.

அன்று நுனோகாவா எடுத்தது
குட்டையான, கனத்த ஐம்பது மில்லிமீட்டர்.
குழல்விளக்குக்கு நேரே பிடித்தாள்.
ஆறிப்போன தேநீரின் நிறம்.
உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கூடையில் போட்டாள்.

ஹொன்மாவுக்குத் தெரியும், அது நோயில்லை.
கண்ணாடியில் கலந்த தோரியம்
ஐம்பது வருடம் இருட்டில் கிடந்து
இருந்த இடத்தையே பழுப்பாக்கிவிட்டது.
வெயில் காட்டினால் வெளுக்கும்.
சொல்லியிருக்கலாம்.
மனசுக்குள் நூறு எண்ணினார்.
வேறெதையோ தேடுகிறவர்போல் அதை எடுத்தார்.

முன்வளையத்தில் பெயர்: தகுமார்.
கடைசி எழுத்தின் வெள்ளைச் சாயம் உதிர்ந்ததில்
தமிழில் வாசிக்கிற எனக்கு அது
தகுமா என்று நிற்கிறது.
ஹொன்மாவுக்குத் தமிழ் தெரியாது, தப்பித்தார்.
ஐந்நூற்றைம்பதையும் சில்லறையாகவே எண்ணிக் கொடுத்தார்.

வீட்டின் தெற்கு ஜன்னலில்
அலுமினியத் தாளால் தொட்டில் கட்டி
வானம் பார்க்கக் கிடத்தினார்.
வானம் பனியாகவே இறங்கியது.
ஒன்பது நாள். பதினைந்து. பத்தொன்பது.
வண்டி ஓட்டிக்கொண்டே மேகத்தைத் திட்டினார்.
வீடுகளோ குளிர் தாங்காமல்
இன்னொரு பதினெட்டு லிட்டர் என்றன.
பிழைப்புக்கு மேகம் வேண்டும்,
லென்ஸுக்கு வெயில் வேண்டும்.
எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல்
மனிதர் வெறுமனே ஜன்னலைத் துடைத்தார்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு முழு நாள் வெயில்.
மறுநாளும்.
தேநீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரானது.
முழுக்க இல்லை,
எலுமிச்சை பிழிந்த அளவுக்கு மிச்சம்.
முதல் படம்: கடைசித் தெரு வீட்டு டேங்க் மூடிமேல்
குந்தியிருந்த பனி.
வெண்ணெய் வைத்ததுபோல் விழுந்திருந்தது.

அடுத்த வியாழன்
அவராகவே வாய் திறந்தார்:
"அந்த மஞ்சள்... அது பழுதில்லை. வெயில் போதும்."

நுனோகாவா பென்லைட்டை அணைக்கவில்லை.
"தெரியுமே.
என் ஜன்னலில் அதே லென்ஸ் மூன்று காய்கிறது,
நாலாவதுக்கு இடமில்லை.
நீங்கள் எப்போது எடுப்பீர்கள் என்று நானும் எண்ணினேன்.
தொண்ணூற்றாறில் எடுத்துவிட்டீர்கள்."

ஆட்டினால் உருளும் அந்த ஒன்று
இன்னும் கூடையில்தான் கிடந்தது.
இருவரும் அதைப் பார்க்கவில்லை.