பொத்தான் குதிரை

எழுநூற்று நாலாம் வீடு காலியானபோது
குப்பை அறையில் கிடந்தது பலகை.
முப்பத்தொரு காய். வெள்ளையில் ஒரு குதிரை இல்லை.
இஸ்திரி மேசைக்கடியில் பொறுக்கிய
நீலப் பொத்தானை அந்தக் கட்டத்தில் வைத்தேன்.
நாலு ஓட்டை இருக்கே, நாலு கால் என்றான் பந்தன்.

பந்தன் டொப்போ, பேஸ்மென்ட் கேட் செக்யூரிட்டி,
ராஞ்சிக்கும் அந்தப் பக்கம்.
செஸ்ஸை என்னைவிட ஒன்பது நாள் முன்னால்
போனில் பார்த்துக் கற்றவன்.
அவன் இந்தியும் என் தமிழும் சந்திக்குமிடம்
இருவருக்கும் சொந்தமில்லாத
ஓட்டைக் கன்னடம்.

"வஜீர் நடெசு அக்கா" என்றான்.
வஜீர் என்றால் மந்திரிதானே?
மந்திரியைக் குறுக்கே ஓட்டினேன்.
தலையில் அடித்துக்கொண்டான்.
அவன் ஊரில் என் மந்திரிக்குப் பெயர் ஒட்டகம்,
என் ராணிதான் அவனுக்கு வஜீர்.
அவன் படையில் பெண்ணே கிடையாது.
பாதி மத்தியானம் இந்தச் சண்டையில் போச்சு.
யானையும் குதிரையும் மட்டும்
இருவருக்கும் அதேதான்.

சிப்பாய்க்குப் போகிற வழி வேறு, கடிக்கிற வழி வேறு.
அது தெரிந்துதான் இரண்டு கட்டம் ஒரே தாவாய்த் தாவவிட்டேன்.
பக்கத்தில் நின்ற அவன் சிப்பாய்
தாண்டிப்போன காலிக் கட்டத்தில் கால்வைத்து
என் ஆளை வெட்டியது.
ஏமாத்து என்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன்.
போனைக் காட்டினான். சட்டம்தானாம்.
உடனே வெட்டினால் உண்டு, அடுத்த முறை கிடையாது.

முதல் வாரம் நாலே நகர்த்தலில் செத்தேன்,
மூன்று தடவை, அதே இடத்தில்:
ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாய்,
அதைக் காக்க ராஜாவை விட்டால் ஆளில்லை.
இப்போது சட்டை மடிக்கும்போதும்
கண் அங்கேதான் போகிறது.

பன்னிரண்டு கட்டம் போட்டு என் கதையை
பதினாறு வயதிலேயே முடித்துவைத்தார் சோசியர்.
இங்கே அறுபத்து நாலு.
கரி தணலாகும்வரை உட்கார்ந்து பார்த்தேன்.

இன்றைக்கு நடந்தது இது.
நடுவில் நின்ற பொத்தான்
இரண்டு தள்ளி ஒன்று திரும்பி உட்கார்ந்தது.
ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் மூலையில் யானை.
வீட்டு வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும்
ஒரே தேதியில் வந்து நிற்கிற மாதிரி.
அந்த முழி எனக்குத் தெரியும்,
எதிரில் இருப்பவன் முகத்தில் பார்த்ததில்லை.
ராஜா ஒரு கட்டம் நகர்ந்தான்.
யானையைத் தூக்கினேன்.

அப்போதுதான் அறுநூற்று இரண்டாம் வீட்டு சார் வந்தார்,
கையில் கோட்டு, கையில் ஒரு நூல் தொங்கல்.
"நீலப் பட்டன் ஒண்ணு விழுந்துதா?"

பந்தன் கேட்டைப் பார்த்தான்.
வண்டி எதுவும் வரவில்லை.

மூலையில் இருந்தது பொத்தான்.
வெளியே வர இரண்டே கட்டம்:
ஒன்றை ராஜா காக்கிறான், ஒன்றைச் சிப்பாய்.
முதலில் ஒரு துணை அனுப்ப வேண்டும்,
மந்திரியையோ, ஒட்டகத்தையோ.

"தேடிப் பாக்கறேன் சார்" என்றேன்.
"சாயங்காலம் வாங்க."