எர்த் எங்கே, டாக்டர்?

சோறு வெந்ததும் குக்கர்
'டக்' என்று தாவுமல்லவா,
அந்தச் சத்தத்துக்குச் சமையலறை வாசலில்
உட்கார்ந்துவிட்டேன்.
உட்காரவில்லை. விழுந்தேன்.

இருபத்திரண்டு வருட எலெக்ட்ரீஷியன்.
ஈசூனில், தோ பாயோவில், அங் மோ கியோவில்
யார் வீடு இருண்டாலும்
டார்ச்சோடு போய் நிற்பவன்.

மார்ச்சில், புக்கிட் பாத்தோக், ஏழாம் மாடி.
நான் அணைத்துப் பூட்டிய லைனை
யாரோ பூட்டை அறுத்துப் போட்டுவிட்டார்கள்.
முதலில் ஒரு டக்.
பிறகுதான் வெளிச்சம்.

கை ஆறிவிட்டது. முழங்கையருகே மட்டும்
ரோமம் முளைக்காத ஒரு குட்டித் தீவு.
பதினான்கு நாள் எம்சி.
பதினைந்தாம் நாள் ஃபைருஸ் கோப்பி வாங்கித் தந்தான்.
எல்லாம் முடிந்தது என்று
எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.
உடம்பு மட்டும் போடவில்லை.

பேனா மூடி. பேருந்தில் அட்டை தட்டும் ஒலி.
பக்கத்து மேசையில் மாஜோங் காய்.

பலதுறை மருந்தகத்திலிருந்து அனுப்பினார்கள்.
டாக்டர் இங் ஹுவீ மின்
பழைய படிவத்தின் பின்பக்கம் மூளை வரைந்தார்.
நடுவில் பாதாம் பருப்பு: ஆபத்தென்றால் அலறுவது.
நெற்றிக்குப் பின்னே ஒரு கட்டம்:
ஒன்றுமில்லை, சும்மா இரு என்பது.
ஓரத்தில் கடல்குதிரை மாதிரி ஒன்று:
எது எங்கே நடந்தது எனக் குறித்துவைப்பது.
மூன்றுக்கும் நடுவே கோடுகள்.

நான் பார்த்த வயரிங் படங்களிலேயே மோசமானது.
"இதில் எர்த் எங்கே, டாக்டர்?"
அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.
பேனாவை என்னிடம் நீட்டினார்.

வரைந்தேன்.
சத்தம் பாதாமுக்குப் போவது குறுக்குவழி.
நெற்றிக்குப் போவதோ
பழைய வீவக புளோக்கின் மின்தூக்கி,
ஒன்று, ஐந்து, ஒன்பதில்தான் நிற்கும்.
அறிவு குடியிருப்பது எட்டில்.
செய்தி ஒன்பதில் இறங்கி
ஒரு மாடி நடந்து கதவைத் தட்டுவதற்குள்
இங்கே வேர்த்து ஊற்றிவிடுகிறது.

அப்புறம், மேலிருந்து கீழே வரும் அடக்கும் கம்பி.
மாதக்கணக்கில் சூடேறினால்
எந்த உறையும் பொரிந்துபோகும்.
சூடு மார்ச்சுக்கு முன்பே இருந்தது:
ராத்திரி இரண்டு மணி அழைப்புகள்,
தம்பிக்காக ஜாமீன் நின்ற கடன்.
அதை நான் வரையவில்லை.
அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதாம் பழுதாகவில்லை," என்றார்.
"வேலையை அளவுக்கு மீறிச் செய்கிறது."

அந்த ரகம் எனக்குத் தெரியும்.
டிசம்பர் மழையில் சில வீடுகளில்
பிரேக்கர் சும்மா சும்மா விழும்.
கழற்றி வேறு மாட்டு என்பார் வீட்டுக்காரர்.
மாட்டக்கூடாது.
சுவருக்குள் எங்கோ ஒரு சொட்டு ஈரம்.
எல்லா லைனையும் அணைத்து
ஒவ்வொன்றாகப் போட்டு
நின்று பார்க்கவேண்டும்.
அவசரக்காரனுக்கு ஆகாத வேலை.

வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது,
மூன்று மாதமாக எங்கள் வீட்டில்
சோறு பானையில் வடிகிறது.
அடுப்பெல்லாம் கஞ்சி பொங்கிய கறை.
குக்கர் அலமாரிக்கு மேலே,
சீனப் புத்தாண்டு ஆரஞ்சுப் பெட்டிக்குப் பின்னால்.
செண்பகவல்லி கேட்கவும் இல்லை,
சொல்லவும் இல்லை.

நாற்காலி போட்டு இறக்கினேன்.
தூசி துடைத்து, வயரைத் தடவிப் பார்த்தேன், பழக்கம்.
இரண்டு குவளை அரிசி.
விரல்கணு அளவுக்குத் தண்ணீர்.
அழுத்தினேன்.
அதுவும் ஒரு டக்தான்.
ஆனால் என் விரலுடையது.

"போய் உட்காருங்களேன்," என்றாள்.
"இல்லை. நிற்கிறேன்."
அடுப்பை அணைத்துவிட்டு அவளும் நின்றாள்.

கழுத்தில் நாடி துள்ளுகிறது.
மூடியை நீராவி
தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.
எட்டாம் மாடியில் கதவு திறந்து
யாரோ செருப்பு மாட்டுகிறார்கள்.

சத்தம் இன்னும் வரவில்லை.