எந்த மாதம்

லடாக்குக்குச் செப்டம்பர்தான் என்கிறான் தவனேசன்.
தூசு அடங்கி
வானம் கழுவிக் கவிழ்த்த சட்டியாய் இருக்குமாம்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை
நீண்ட விடுப்பு தருவதோ சீனப் பெருநாளுக்கு.
அப்போது அங்கே
குழாய்த் தண்ணீரும் கல்.

கொடிமலைக்கு மட்டும் மாதம் இருக்கிறதா?
செப்டம்பரில் சுமத்திராவின் புகை,
அக்டோபரில் மழை.
இரவு ஷிப்ட் முடிந்து
முதல் ரயிலில் ஏறிப் போனேன் நேற்று.
பாலம் இல்லை, கடல் இல்லை.
ஒன்றுகூட எடுக்காமல் இறங்கினேன்.

கேம்பல் தெருக் கடையில் ஆ ஹோக்
லென்சை விளக்கில் தூக்கிப் பிடித்தான்.
பூசணம்.
இந்த ஊர் ஈரத்துக்கு வேறென்ன வளரும் என்றான்.
கண்ணாடிக்குள்ளே
கிளைகிளையாய், வெள்ளையாய்,
நான் போகாத ஊரின் சன்னலில்
உறைபனி படிந்த மாதிரி.

துடைத்துவிடவா?

கொஞ்சம் பொறு என்றேன்.