ஆறாவது ஆள்

குலவணிகர்புரம் கேட் அடைத்திருந்தது.
நாகர்கோவில் வண்டி இன்னும் வரவில்லை.
கழுத்தில் நெருப்பு இழுத்த மாதிரி ஒரு கோடு;
திரும்பினேன்.
பைக்கின் பின்னால் இருந்தவன் என்னைப் பார்த்தான்,
ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம்.
அவ்வளவுதான் நான் கண்டது.

மீதியை வீட்டில் வைத்துச் செய்தேன்.
முதல் வாரம் வெறும் நெற்றி, ஒரு வெள்ளைக் காலர்.
மூக்கு தீபாவளிக்குள் வந்துவிட்டது.
புருவத்து வெட்டு எங்கிருந்து வந்ததென்று தெரியாது,
ஒருநாள் தோசை சுடும்போது இருந்தது.
"ஏட்டி, உறங்கலையா?" என்பார் இவர்.
உறங்கவில்லை.
அவனுக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி லேபில்
பதினோரு வருஷமாய் ரத்தம் பார்க்கிறேன்.
மலேரியாவை நினைத்துக்கொண்டு குனிந்தால்
சாயப் பொட்டும் மலேரியாதான்.
அதனால் டாக்டர் எழுதிய சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான்
லென்சில் கண்ணை வைப்பேன்.

பாளை ஜெயில். மாசி வெயில்.
ஒன்பது பேர், ஏறக்குறைய ஒரே உயரம்,
எல்லோரும் அன்று காலைதான் சவரம் செய்தவர்கள்.
மாஜிஸ்திரேட் அம்மா பேனா மூடியைக் கடித்தபடி,
"அவசரம் இல்ல, நல்லா பாருங்க" என்றார்.
நல்லாத்தான் பார்த்தேன்.
ஒருவனும் அவன் இல்லை.
டவுன் பஸ்ஸில் 'கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா' என்கிற
ஒன்பது பேர்.

கண்ணை மூடினேன்.
ஐந்து மாதமாய்ச் செய்து வைத்திருந்ததை எடுத்தேன்.
திறந்தபோது அது
டிரேஸ் பேப்பர் மாதிரி வழுக்கிக்கொண்டே போய்
ஆறாவது ஆளின் மேல் உட்கார்ந்தது.
மூக்குக்கு மூக்கு.
புருவத்தில் வெட்டு இருந்ததா?
இருந்தது.
இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.
தோளைத் தொட்டேன்.
சட்டை நனைந்திருந்தது.

சரியா தப்பா, யாரும் சொல்லவில்லை.
எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள்,
வாசலில் ஒரு போலீஸ்காரி மோர் கொடுத்தாள்.
சீட்டைக் கவிழ்த்து வைக்காமல் பார்த்துவிட்டேன் என்று
அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.
உப்பு கூடவா என்று கேட்டாள்.

இப்போது ராத்திரி அந்த கேட்டுக்குப் போனால்
தண்டவாளம் அப்படியே, கூட்டம் அப்படியே,
பைக்கில் இருப்பது ஆறாவது ஆள்.
பழையவனைக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று,
வரமாட்டேன் என்கிறான்.
கை நீண்டு என் சங்கிலியை அறுக்கிறது.
முகம் மட்டும்
நான் தோளைத் தொட்டபோது இருந்த மாதிரி
எச்சில் விழுங்கிக்கொண்டு.