சுழிய ஆண்டு

பட்டப்படிப்புக்கு முந்தைய ஆண்டுக்கு
இங்கே சுழியம் என்று பேர்.
ஐம்பத்தொரு வயதில் நான் சேர்ந்தது அதில்தான்.
அடையாள அட்டைக்குப் படமெடுத்த பையன்
"யாரைச் சேர்க்க வந்தீங்க?" என்றான்.
என்னைத்தான் என்றேன்.

இருபத்திரண்டு வருஷம்
கேரவன் ஜன்னல்களுக்கு ரப்பர் பொருத்தியவள்.
எந்த இடுக்கில் மழை நுழையும் என்று
விரல் வைத்தே சொல்வேன்.
வாக்கியத்துக்குள் பொய் நுழையும் இடுக்கை
பெத்தன் புரோசர் சிவப்பு மையில் காட்டுகிறாள்:
"யார் சொன்னது? எந்தப் பக்கம்?"
யார் சொன்னதா!
ஊரே சொன்னது.
ஊருக்குப் பக்க எண் கிடையாதாம்.

அக்டோபரில் இறையாண்மை.
நவம்பரில் அதிகாரச் சமநிலை.
இரவு ஒரு மணிக்கு, துவைக்கும் இயந்திரம் சுற்றும் சத்தத்தில்
அந்தச் சொற்களை உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.
கடைவாய்ப் பல்லில் ஒட்டிய டாஃபி மாதிரி
போகவும் இல்லை, கரையவும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு காலி பிஸ்கட் டப்பாவுக்குள்
நாடுகளைச் சுருட்டிப் போட்டு நீட்டினாள் பெத்தன்.
மாதிரிப் பேச்சுவார்த்தை.
ஆண்டு: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு.
பொருள்: காட் மீன்.
ஹல் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு, கடவுளே,
காட் மீன்.

எனக்கு விழுந்தது ஐஸ்லாந்து.

சிரித்துவிட்டேன். யாருக்கும் காரணம் தெரியவில்லை.
ஹெஸில் சாலையில் பிறந்தவளுக்கு
எதிரி நாடு என்றால் அதுதான்,
ரஷ்யாவெல்லாம் அதற்கு அப்புறம்.
நடுக்கடலில் அப்பாவின் வலையை அறுத்துப் போன கப்பலை
அவர் இன்றுவரை பெயர் சொன்னதில்லை,
"அது" என்பார்.
எனக்கு நாலு வயதில் கரையிறங்கியவர்
திரும்ப ஏறவில்லை.

பிரித்தானியா விழுந்தது யோனாஸுக்கு.
அஸ்மாராக்காரன்.
உள்துறையின் ஒற்றைக் கடிதத்துக்காக
மூன்று வருஷமாகத் தபால்காரனைப் பார்த்து நிற்பவன்.
இரவல் டையை நீவிவிட்டு எழுந்தான்.
"எங்கள் மாலுமிகள்," என்றான்,
"எங்கள் துறைமுகங்கள்.
எங்கள் பிள்ளைகளின் சாப்பாடு."
எங்கள் என்ற சொல்லை
அத்தனை கவனமாக யாரும் கையாண்டு நான் பார்த்ததில்லை,
கடன் வாங்கிய கண்ணாடிக் கிண்ணம் போல.
அவன் பேசியது முழுக்க என் அப்பா.

பிறகு நான்.
கையில் தாள் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.
எங்களிடம் நிலக்கரி இல்லை. இரும்பு இல்லை.
எரிமலைக் கல்லில் கோதுமை முளைக்காது.
உங்களுக்கு இந்த மீன் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு.
எங்களுக்கு இதுதான் நாடு.
இருநூறு மைல்.
ஒரு மைல் குறையாது.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது,
அத்தனையையும் நம்பித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஏழுக்கு நாலு. ஜெயித்துவிட்டேன்.
நார்வேயாக இருந்த லாங்ஸ்டாஃப் வீட்டுப் பையன் விசிலடித்தான்.
யோனாஸ் மேசையைச் சுற்றி வந்து கை கொடுத்தான்.
"என் கடலை எடுத்துக்கிட்டீங்க."
அது உன் கடல் இல்லை, தம்பி என்று
நாக்கு நுனிவரை வந்தது.
யாருடையது என்று கேட்டால்?
பஸ்ஸுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மீன் வாங்கப் போனேன்.
கடைப் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தது:
இன்றைய மீன், ஐஸ்லாந்திலிருந்து.
அவரிடம் சொல்லவில்லை.
மொறுமொறுப்பை உரித்து ஓரம் வைத்தார், வழக்கம்போல.

கட்டுரைக்கு ஒரு சாட்சி வேணும் அப்பா.
அடிக்குறிப்பில் உங்க பேர் வரும், தேதியோட.

வினிகர் புட்டியைக் கீழே வைத்தார்.
"எழுபத்தாறா?"
எழுபத்தாறு.

போனில் பதிவை அழுத்தினேன்.
எண்ணெய்த் தாளுக்குப் பக்கத்தில்
சிவப்புப் புள்ளி எரிந்தது.
நாலு நொடி, அஞ்சு நொடி, ஒன்பது.
"முதல்ல நீ சொல்லு," என்றார்.
"எந்தப் பக்கம்?"