தாக்கம்: அதிகம்

சிம்மக்கல்லில் மூடிப்போன ஒரு வரன் தகவல் மையத்திலிருந்து
நாலாயிரத்து ஐந்நூறுக்கு முதலாளி தூக்கி வந்த கம்ப்யூட்டர் இது.
கப்பலூர் சிட்கோ, டயர் ரீட்ரெடிங் கம்பெனி.
ரப்பர் வேகும் வாடையில்
காலை எட்டே முக்காலுக்குப் பட்டனை அமுக்கினால்
பில் போடும் புரோகிராமுக்கு முன்னால்
குத்துவிளக்கு இரண்டு எரிய அது வந்து நிற்கும்:
மணமகள் நட்சத்திரம்?

பெருக்கல் குறியைத் தட்டினால் போய்விடும்.
போகாது.
கடிகாரத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் பொட்டாக
உட்கார்ந்து மெமரியைத் தின்னும்.
வெளியே டி.கல்லுப்பட்டி லாரி உறுமிக்கொண்டிருக்க
என் பில் பாதியில் விறைத்து நிற்கும்.

சர்வீஸ் பையன் முந்நூறு கேட்டான்.
'ஒரு தட்டுத் தட்டினா போகப்போகுது'
என்றார் முத்திருளப்பன்.

ஒருநாள் கரண்ட் போய் வந்த மத்தியானம்
பதில்தான் சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றியது.
ஆயில்யம்.
மணமகன், சுவரில் சாய்ந்து கிடந்த பின்சக்கரத்து டயர்.
அதற்கு அசுவினி என்று நானே வைத்தேன்.
பத்துக்கு ஆறு, மத்திமம் என்றது.
ரஜ்ஜு தட்டியது.

அன்றைக்கே
கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினேன்.
ஸ்டார்ட்அப் பட்டியலில்
பிரிண்டர், காலாவதியான வைரஸ் காவல்,
கூப்பிடாமல் வருகிற இன்னும் நாலு பேர்.
அதன் பெயருக்கு நேரே எழுதியிருந்தது,
தாக்கம் அதிகம் என்று.
முடக்கினேன்.

மறுநாள் குத்துவிளக்கு மறுபடி எரிந்தது.
தரகர் புத்தி. வாசலில் மறித்தால் கொல்லை வழி.
அதன் வயிற்றுக்குள்ளேயே போய்த் தேடினேன்.
அமைப்புகள், இதர, கடைசி வரி:
'கணினி விழிக்கும்போது நானும் விழிப்பேன்.'
பக்கத்துக் கட்டத்தில் ஒரு டிக்.
சிம்மக்கல்லில் இந்த நாற்காலியில் இருந்தவள் போட்டிருப்பாள்,
நாளைக்கு நூறு ஜாதகம் பார்த்தவள்.
அவளுக்கு அது ஒத்தாசை.
டிக்கை எடுத்துவிட்டு மறுபடி முடக்கினேன்.
அழிக்கவில்லை.
உள்ளே ஆயிரம் பேருடைய பிறந்த நேரம் கிடக்கிறது.

மூன்றாம் நாள்
கறுப்புத் திரை, அப்புறம் நீலம்,
அப்புறம் ஒன்றுமில்லை.
மவுஸில் கை வைத்தபடி காத்திருந்தேன், பழக்கத்தில்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அம்மாவின் போன் ஒன்பது இருபதுக்குத்தான்.

லாரிக்காரர் தவசி உள்ளே வரும்போதே
பில் சூடாகக் கிடந்தது.
'என்னக்கா, இன்னிக்கு இம்புட்டு வெரசா?'
'ஒரு கல்யாணத்த நிறுத்திட்டேன்.'
அவர் டயர்களை எண்ணப் போய்விட்டார்.
நாலும் சரியாக இருந்தன.
ஒன்று எனக்கு ஆறு பொருத்தம்.