நீச்சல்: தேறவில்லை

தங்கச்சிமடத்தில் ஒரு பிஸ்கட் டின் திறந்தது.
கடற்படைப் பயிற்சிப் பள்ளி, ஐம்பத்து மூன்று,
மூன்றாம் அணி.
நாற்பத்தொரு பையன்கள், ஒரே அளவுத் தொப்பி,
அதனால் ஒருவருக்கும் சரியில்லை.

படத்தின் முதுகில் பெயர்களைத் தேடினேன்.
ஐஸ் பாக்கி, டீசல் பாக்கி,
ஒரு கூட்டல் பிழை.

ஜெசிந்தா விரல் வைத்தார்:
"ரெண்டாவது வரிசை, கண்ண மூடிட்டு நிக்கிறது அப்பா."
இன்னாசி பர்னாந்து.
பென்சிலில் எழுதிக்கொண்டேன்.

அடியில், நான்காய் மடித்த தேர்வுத்தாள்.
முடிச்சு: நன்று.
துடுப்பு: நன்று.
கொடிச் சைகை: பரவாயில்லை.
நீச்சல்: தேறவில்லை.

சிரித்துவிட்டேன்.
பாம்பன் நீரோட்டத்தில் சங்கு குளித்த குடும்பம்.
அவர் சிரிக்கவில்லை.
"குதிச்சவரு அடியோட போயி
அந்தாண்ட படியில ஏறிட்டாரு.
வாத்தியாரு இந்தாண்டயே
தண்ணியப் பாத்துக்கிட்டு நின்னாராம்."

வாசல் வெயிலில் வைத்துப் படமெடுத்தேன்.
மடிப்புகளில் உப்பு பூத்திருந்தது,
துடைக்கவில்லை.

கிளம்பும்போது
டின்னை என் பக்கம் தள்ளி
அந்தத் தாளை மட்டும் உருவிக்கொண்டார்.
"இது இங்க இருக்கட்டும்.
வாயால சொன்னா யாரு நம்புவா?"

பட்டியலில் அதன் எண்ணுக்கு எதிரே
'கிடைத்தது' என்பதை அடித்து
'பார்த்தது' என்று எழுதினேன்.